ஒரே திராட்சை, 8 யூரோவும் 35 யூரோவும்: வெர்திக்கியோவைப் பழகிக்கொள்வது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் வெர்திக்கியோ என்ற இத்தாலிய வெள்ளைத் திராட்சையின் பெயர் போட்ட இரண்டு ஒயின் பாட்டில்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று 8 யூரோ, இன்னொன்று 35. எட்டு யூரோ பாட்டிலை வாங்கிக் குடித்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வழக்கமாகக் குடிக்கும் பினோ கிரிஜியோ என்ற வெள்ளை ஒயினுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பிடிபடவில்லை. இந்தத் திராட்சையில் அப்படி என்ன இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

வித்தியாசம் தெரியாமல் போனதற்கு உங்கள் நாக்கைக் குறை சொல்ல வேண்டாம். மணத்தால் தன்னைக் காட்டிக்கொள்ளும் திராட்சை இல்லை இது. மஸ்கட் மாதிரி ஒரு திராட்சை என்றால் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே பெயரைச் சொல்லிவிடலாம். வெர்திக்கியோ அப்படி இல்லை. அதன் அடையாளம் வாயில் இருக்கிறது: பழுத்த பிறகும் குறையாத புளிப்பு, வெள்ளை ஒயினுக்குச் சற்று அதிகமான கனம், விழுங்கிய பிறகு எழும் மெல்லிய கசப்பு. அதோடு வயது. நான்கைந்து வருடம் போன நல்ல வெர்திக்கியோவைக் குடிக்கும் வரை இந்தத் திராட்சையைத் தெரியும் என்று சொல்ல முடியாது என்பது என் கட்சி. இத்தாலியின் வெள்ளைத் திராட்சைகளில் இவ்வளவு நன்றாக வயதாகக்கூடியவை ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அந்தப் பட்டியலை யார் போட்டாலும் இதை விட முடியாது.

நீங்கள் குடித்தது அநேகமாகப் போன அறுவடையின் ஒயின். குறைந்த சூட்டில் ஸ்டீல் தொட்டியில் நொதிக்கவைத்த எந்த வெள்ளை ஒயினிலும் முதல் சில மாதங்கள் பேரிக்காய், ஆப்பிள், சில சமயம் வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை இருக்கும். அதில் பெரும்பங்கு ஈஸ்ட் வேலை செய்யும்போது உண்டாகும் எஸ்டர்கள் என்ற மணப் பொருள்களிலிருந்து வருவது, திராட்சைக்குச் சொந்தமானது இல்லை. அதனால்தான் அந்த வயதில் பினோ கிரிஜியோவும் வெர்திக்கியோவும் உடன்பிறப்புகள் மாதிரி இருக்கின்றன. ஒரு வருடத்துக்குள் அந்த எஸ்டர்கள் கரைந்துபோகும். பல மலிவான ஒயின்களில் அதற்குப் பிறகு மிச்சம் ஒன்றும் இருக்காது. வெர்திக்கியோவில் அதற்குப் பிறகுதான் விஷயமே தொடங்குகிறது.

சரி, ஊருக்கு வருவோம். இத்தாலியின் நடுப்பகுதியில், கிழக்குப் பக்கம், ஏட்ரியாடிக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது மார்க்கே மாநிலம். தலைநகரம் அங்கோனா. சுற்றுலாக் கூட்டம் டஸ்கனிக்கும் உம்பிரியாவுக்கும் போய்விடுவதால், அபென்னைன் மலைக்கு இந்தப் பக்கம் வருபவர்கள் குறைவு. எசினோ என்று ஒரு ஆறு. இது மலைக்குள் பிறந்து, முதலில் வடக்கு நோக்கி மாத்தெலிகா ஊர் வழியாக ஓடும். அப்புறம் கிழக்கே திரும்பி, கோலா தெல்லா ரோஸ்ஸா என்ற குறுகிய கணவாயைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, யேசி ஊரைத் தாண்டி அங்கோனாவுக்கு வடக்கே கடலில் சேரும். வெர்திக்கியோவின் இரண்டு முக்கியமான பகுதிகளும் இந்த ஒரே ஆற்றங்கரையில்தான் இருக்கின்றன. மலைக்குள் இருப்பது மாத்தெலிகா. கணவாய்க்கு வெளியே, கடல் பக்கம் திறந்திருப்பது காஸ்தெல்லி தி யேசி, அதாவது யேசியைச் சுற்றியுள்ள கோட்டைக் கிராமங்கள்.

இந்த ஒரு திருப்பம் ஒயினில் பெரிய வேறுபாட்டைச் செய்கிறது. மார்க்கேயின் மற்றப் பள்ளத்தாக்குகள் எல்லாம் மலையிலிருந்து கடலுக்கு நேராக இறங்குபவை, கடல் காற்று தடையில்லாமல் உள்ளே வரும். மாத்தெலிகாவின் பள்ளத்தாக்கு மட்டும் கடற்கரைக்கு இணையாக வடக்கு தெற்காகக் கிடக்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவே 1,479 மீட்டர் உயரமான சான் விச்சினோ மலையும் அதன் தொடர்ச்சியும் சுவர் கட்டி நிற்கின்றன. கடலின் மிதமான காற்று அங்கே எட்டாது. குளிர்காலம் கடுமை. கோடையில் பகல் நன்றாகக் காயும், இரவு சட்டென்று குளிரும். திராட்சை மெதுவாகப் பழுக்கும், அறுவடை அக்டோபருக்குள் இழுத்துக்கொண்டு போகும். பகல் வெயிலில் சர்க்கரை சேர, இரவுக் குளிரில் புளிப்பு அதிகம் எரிந்துபோகாமல் நிற்கிறது. அதனால் மாத்தெலிகா ஒயின் ஒரே சமயத்தில் கனமாகவும் கூர்மையாகவும் இருக்கும். சின்ன வயதில் கொஞ்சம் முறைப்பாகக்கூட இருக்கும். பரப்பு சுமார் 300 ஹெக்டேர்தான், எட்டு ஊர்களுக்குள் அடங்கிவிடும்.

யேசி பகுதி அதைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் ‘யேசி ஒயின் இப்படி இருக்கும்’ என்று ஒரே வரியில் சொல்வது ஏமாற்று வேலை. ஆற்றின் இடது கரை, வலது கரை என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஓரளவு பயன் தரும். இடது கரையில் மொந்தெகரோத்தோ, செர்ரா தெ கொந்தி, ஒஸ்த்ரா வெதெரே, பொஜ்ஜோ சான் மார்ச்செல்லோ முதலிய ஊர்கள். இங்கே ஒயின் பொதுவாகச் சற்று உருண்டையாக, பழச்சுவை முன்னால் நிற்கும்படி வரும். வலது கரையில் குப்ரமொந்தானா, ஸ்தாஃபொலோ, மேலே போகப் போக சான் விச்சினோ அடிவாரத்தில் அப்பிரோ. உயரம் கூடுகிறது, காற்று குளிர்கிறது, ஒயின் மெலிந்து நிமிர்கிறது. அப்பிரோவின் ஒயினைக் கண்ணை மூடிக் குடித்தால் மாத்தெலிகா என்று சொல்லத் தோன்றும், அவ்வளவு பக்கம். எனக்குப் பிடித்தது வலது கரைதான். ஆனால் இந்தத் திராட்சைக்குக் கிடைத்த மிகப் பெரிய பெயர்களில் ஒன்று இடது கரையைச் சேர்ந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

யேசி சாதாரண ஊர் இல்லை. புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1194 டிசம்பர் 26 அன்று பிறந்தது இங்கேதான். இசையமைப்பாளர் பெர்கொலேஸியும் 1710இல் இங்கேதான் பிறந்தார். ஒயினுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள்: 410இல் ரோமைச் சூறையாடக் கிளம்பிய விசிகோத் அரசன் அலாரிக், படைக்குத் தெம்பு ஊட்ட நாற்பது கோவேறு கழுதைகளில் வெர்திக்கியோவை ஏற்றிக்கொண்டு போனானாம். சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்ல நல்ல கதை. நான் நம்பவில்லை.

நம்பத் தகுந்த கதை வேறு இருக்கிறது, அது இன்னும் சுவாரசியமானது. வெனட்டோ மாநிலத்தில் சொவாவே பக்கம் வளரும் ட்ரெபியானோ தி சொவாவே, கார்தா ஏரியின் தென்கரையில் லுகானா ஒயினுக்குப் பயன்படும் துர்பியானா, மார்க்கேயின் வெர்திக்கியோ மூன்றும் ஒரே திராட்சை என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நூற்றாண்டுக் கணக்கில் தனித்தனி இடங்களில் வளர்ந்ததால் சின்னச் சின்ன வேறுபாடுகள் வந்திருக்கலாம், அடிப்படை ஒன்றுதான். கொள்ளைநோய்க்குப் பிறகு ஆளில்லாமல் போன மார்க்கே நிலங்களில், 15ஆம் நூற்றாண்டில் வெனட்டோவிலிருந்து வந்து குடியேறிய உழவர்கள் இந்தக் கொடியைக் கொண்டுவந்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. ட்ரெபியானோ என்ற பெயரைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். இத்தாலியில் அந்தப் பெயரில் பல திராட்சைகள் உலவுகின்றன. எங்கும் நிறைந்து, சப்பென்று இருக்கும் ட்ரெபியானோ தொஸ்கானோ முற்றிலும் வேறு கொடி.

கொடியின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் ஒயின் புரியும். பழம் நன்றாகப் பழுத்த பிறகும் பச்சைச் சாயல் போவதில்லை. அந்தச் சாயல் இளம் ஒயினிலும் தெரியும். தோலில் ஃபினோலிக் பொருள்கள் கொஞ்சம் கூடுதல். கடைசியில் வரும் கசப்புக்கு அவைதான் காரணம். பழத்தை முரட்டுத்தனமாகப் பிழிந்தால் கசப்பு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெதுவாகப் பிழிந்தால் பாதாம் தோலை மென்ற மாதிரி ஒரு சின்ன உறுத்தலாக நின்றுவிடும். கிளையின் அடியில் இருக்கும் மொட்டுகள் சரியாகக் காய்க்காது. அதனால் கவாத்தின்போது கிளையை ஒட்ட நறுக்க முடியாது, நீளமாக விட்டு வளைத்துக் கட்ட வேண்டும். நோய்த் தொல்லையும் உண்டு. அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய் இரண்டுமே இதை விரும்பித் தேடி வரும். 2023இல் வசந்தகாலம் முழுக்கக் கொட்டிய மழையில் அடிச்சாம்பல் நோய் மார்க்கேயையும் அதற்குத் தெற்கே இருக்கும் அப்ருட்ஸோவையும் நாசமாக்கி, விளைச்சலைக் கடுமையாகக் குறைத்துவிட்டது.

புளிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதைச் சார்ந்திருக்கிறது. பெரும்பாலான வெள்ளைத் திராட்சைகளில் சர்க்கரை ஏற ஏறப் புளிப்பு இறங்கும். அறுவடைக்கு நாள் குறிப்பவர் இரண்டுக்கும் நடுவே ஒரு பேரத்துக்கு வருவார். வெர்திக்கியோவில் அந்தப் பேரம் எளிது, புளிப்பு பிடிவாதமாக நிற்கும். ஆகவே ஒரே தோட்டத்தில் சீக்கிரம் பறித்து நுரைக்கும் ஒயின் செய்யலாம். உரிய காலத்தில் பறித்து வழக்கமான ஒயின் செய்யலாம். அக்டோபர் கடைசி வரை விட்டுத் தாமதமாகப் பறிக்கலாம், உலர்த்தி இனிப்பான பஸ்ஸித்தோகூடச் செய்யலாம். நான்கிலும் ஒயின் தொய்ந்துபோகாது. பொஜ்ஜோ சான் மார்ச்செல்லோவில் சர்தரெல்லி குடும்பம் செய்யும் பல்ச்சானா என்ற ஒயின் தாமத அறுவடைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

இவ்வளவு நல்ல திராட்சை என்றால் ஏன் உலகம் அதை மீனோடு குடிக்கும் மலிவு ஒயினாக மட்டும் அறிந்திருக்கிறது? இதற்கு விடை ஒரு பாட்டிலின் கதையில் இருக்கிறது.

மார்க்கேயில் நெடுங்காலம் இருந்தது வாரச் சாகுபடி. நிலம் முதலாளியுடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைந்ததில் பாதிப் பாதி. அப்படிப்பட்ட நிலத்தில் கோதுமை, மக்காச்சோளம், ஆலிவ், மாடு, கொஞ்சம் திராட்சை என்று எல்லாம் கலந்தே இருக்கும். வீட்டுக்குத் தேவையான ஒயினைத் தோலோடு நொதிக்கவைத்து, பிறகு உலர்ந்த திராட்சையைச் சேர்த்து மறுபடி நொதிக்கவைத்து, கசப்பையும் புளிப்பையும் மட்டுப்படுத்திக் குடித்தார்கள். 1953இல் காஸ்தெல்ப்ளானியோவைச் சேர்ந்த ஃபாத்ஸி பத்தாலியா நிறுவனம், கட்டடக் கலைஞர் அந்தோனியோ மாயோக்கி வடிவமைத்த ஒரு பச்சைப் பாட்டிலைக் கொண்டுவந்தது. பழங்கால மண் சாடியின் சாயலில் இடுப்பு ஒடுங்கி, கழுத்தில் ஒரு சின்னக் காகிதச் சுருள் தொங்க, கடை அலமாரியில் தூரத்திலிருந்தே கண்ணில் படும். வெளிநாட்டு இத்தாலிய உணவகங்களில் எல்லாம் அது போய் நின்றது. மற்ற நிறுவனங்களும் அதே வடிவத்தைப் பிடித்துக்கொண்டன. 1964இல் புதிய வாரச் சாகுபடி ஒப்பந்தங்களுக்குச் சட்டம் தடை போட்டது. இளைஞர்கள் நிலத்தை விட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். மிஞ்சிய நிலத்தில் கலப்புப் பயிர் போய், வரிசை வரிசையாகத் திராட்சை மட்டும் வந்தது. கூட்டுறவு ஆலைகள் எழுந்தன. எவ்வளவு விளைந்தாலும் வாங்க ஆள் இருந்தது, பாட்டில் விற்றுக் கொடுத்தது.

அந்தப் பாட்டிலைத் திட்டுவது இன்று ஒயின் எழுதுபவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அது இல்லாவிட்டால் மார்க்கேயின் வெள்ளைத் திராட்சைக்கு வெளியுலகில் பெயரே இருந்திருக்காது, கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு எதையாவது நட்டிருப்பார்கள். கேடு வேறு வழியில் வந்தது. பாட்டிலைப் பார்த்து வாங்குபவருக்கு உள்ளே இருக்கும் ஒயின் எந்தக் கிராமத்தது, எந்த வருடத்தது என்ற கேள்வியே எழவில்லை. கேட்காதபோது செய்பவரும் கவலைப்படவில்லை.

மாற்றம் 1980களில் தொடங்கியது. இடது கரையில் ஒரு பெரிய பெயர் என்றேனே, அது புச்சி. மிலானில் ஃபேஷன் துறை ஆலோசகராக இருந்த அம்பேலியோ புச்சி, குடும்ப நிலத்தில் விளைந்த வெர்திக்கியோவைக் கொண்டு ஒரு பெரிய ஒயின் செய்ய முடியும் என்று நம்பி, ஜொர்ஜோ கிராய் என்ற நிபுணரை அழைத்துவந்தார். 1983 அறுவடையிலிருந்து வில்லா புச்சி என்ற ரிஸெர்வா, அதாவது நெடுநாள் வைத்திருந்து விற்கும் ஒயின், வந்தது. வெவ்வேறு தோட்டங்களின் ஒயினைத் தனித்தனியாக, பல பத்தாண்டு பழைய பெரிய ஓக் பீப்பாய்களில் வைத்து, பிறகு கலந்தார்கள். பழைய பீப்பாய் என்பதைக் கவனியுங்கள். புது ஓக்கின் வனிலா வாசனை இந்த ஒயினுக்கு ஆகாது, பாதாம் கசப்போடு சண்டை போடும். பழைய பெரிய பீப்பாய் வாசனை எதுவும் தராது, மெதுவாகக் கொஞ்சம் காற்றை மட்டும் உள்ளே விடும். கரோஃபொலி குடும்பமோ போதியும் என்ற தங்கள் ஒயினுக்கு மரத்தையே தொடவில்லை. ஸ்டீல் தொட்டியில், ஈஸ்ட் வண்டலின் மேல் நெடுநாள் கிடக்கவிட்டார்கள். செத்த ஈஸ்ட் மெல்ல உடைந்து ஒயினுக்கு ஒரு வழவழப்பைத் தரும், புளிப்பின் முனை சற்று மழுங்கும். இரண்டு வழியிலும் பத்து வருடம் தாங்கும் ஒயின் வந்தது. அதிலிருந்தே தெரிகிறது, தாங்கும் திறன் பாத்திரத்தில் இல்லை, திராட்சையிலேயே இருக்கிறது.

இப்போது லேபிளைப் படிக்கலாம். உங்கள் 8 யூரோ, 35 யூரோ கணக்கு இதில்தான் இருக்கிறது. வெர்திக்கியோ தி மாத்தெலிகாவுக்கு 1967இலும் யேசிக்கு 1968இலும் டிஓசி கிடைத்தது, அதாவது எந்தப் பகுதியில், எந்த விதிப்படி செய்த ஒயின் என்பதற்கான சட்டப்படியான முத்திரை. 2010 வாக்கில் இரண்டின் ரிஸெர்வாக்களும் அதற்கு மேலான டிஓசிஜி படிக்கு உயர்ந்தன. எல்லாப் படியிலும் குறைந்தது 85 சதவீதம் வெர்திக்கியோ இருக்க வேண்டும், நல்ல தயாரிப்பாளர்கள் முழுக்க அதையே போடுகிறார்கள். யேசியின் சாதாரண டிஓசியில் ஹெக்டேருக்கு 14 டன் வரை அறுவடை செய்யலாம். அதற்கு அடுத்த மேல் படியான சுப்பெரியோரே என்றால் 11 டன். ரிஸெர்வா என்றால் 9.5 டன், அதோடு குறைந்தது 18 மாதம் வைத்திருந்த பிறகே விற்க வேண்டும். அதே நிலத்திலிருந்து குறைவான பழம், ஒன்றரை வருடம் முடங்கிக் கிடக்கும் பணம், தேர்ந்தெடுத்த தோட்டம், கையால் பறிக்கும் கூலி எல்லாம் சேர்ந்துதான் அந்த 35. இதில் கொஞ்சம் பெயருக்கான விலையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 20 யூரோவுக்கே அருமையான ரிஸெர்வா கிடைக்கும்.

கிளாசிக்கோ என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். மற்ற ஊர்களில் அது பழைய, சிறந்த நடுப்பகுதியைக் குறிக்கும். யேசியில் ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களுமே கிளாசிக்கோ எல்லைக்குள்தான் வருகின்றன, ஒன்றிரண்டு ஓரங்கள் மட்டும் வெளியே. ஆகவே அது தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுப்பெரியோரே, ரிஸெர்வா என்ற இரண்டையும் பாருங்கள், அதைவிட முக்கியமாகத் தயாரித்தவர் பெயரைப் பாருங்கள். மாத்தெலிகாவில் கொல்லெஸ்தெஃபானோ விலைக்கு மிஞ்சிய தரம். மலைக் குளிரை அப்படியே பாட்டிலில் அடைத்த மாதிரி கூர்மையான ஒயின், நான் யாருக்கும் முதலில் சொல்வது அதைத்தான். லா மொனச்செஸ்கா செய்யும் ‘மீரும்’ என்ற ஒயின் அதற்கு நேர் எதிர், தாமதமாகப் பறித்த பழத்தின் கனமும் சோம்பு மணமும். பிஷ்ஷி வீட்டு ஒயின் இரண்டுக்கும் நடுவே நிற்கும். 1971இல் தொடங்கிய பெலிஸாரியோ கூட்டுறவு காம்புருஜ்யானோ என்ற ரிஸெர்வாவைச் செய்கிறது. கூட்டுறவு என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் அதைக் குடித்துப் பார்க்கலாம். யேசி பக்கம் புச்சி, கரோஃபொலி தவிர, உமானி ரோங்கியின் காஸல் தி செர்ரா எங்கும் கிடைக்கும், நம்பி வாங்கலாம். அப்பிரோவின் அந்த்ரேயா ஃபெலிச்சி, மலைச் சாயல் கொண்ட வலது கரைக்கு நல்ல அறிமுகம்.

பழகிக்கொள்வதற்கு என் யோசனை இது. ஒரு பாட்டில் வாங்கி ஆராய்வதைவிட, ஒரே மாலையில் மூன்றை அடுத்தடுத்து வைத்துக் குடியுங்கள், கூட நாலு நண்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டு. ஒரு யேசி சுப்பெரியோரே, ஒரு மாத்தெலிகா, ஒரு லுகானா, மூன்றும் ஒரே அறுவடை வருடமாக இருந்தால் நல்லது. மூன்றும் ஒரே கொடி என்பதால் இங்கே நீங்கள் ஒப்பிடுவது நிலத்தையும் தட்பவெப்பத்தையும்தான். லுகானா பெரிய ஏரி ஒன்றின் ஓரம், களிமண் நிலம், மிதமான தட்பவெப்பம். ஒயின் மென்மையாக, பூவும் வெண்பீச்சும் கலந்த மாதிரி வரும், கசப்பு அடங்கியே இருக்கும். யேசியில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், உலர்ந்த புல், கடைசியில் பாதாம். மாத்தெலிகாவில் புளிப்பு முதலில் பாயும், சோம்பு மணம் தெளிவாகத் தெரியும், நார்த்தங்காய்த் தோலில் இருப்பது போன்ற கசப்பு ஒன்று நாக்கின் பின்பக்கம் நிற்கும். விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். எது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் கேள்வி. பினோ கிரிஜியோ ஒன்றையும் நான்காவதாக வைத்தால், உங்கள் பழைய குழப்பம் அந்த மேசையிலேயே தீர்ந்துவிடும்: அதில் பெரும்பாலும் விழுங்கியதோடு எல்லாம் முடிந்துபோகும்.

இரண்டாவது படி வயது. பழைய வெர்திக்கியோவை ஏலத்தில் தேட வேண்டியதில்லை. நல்ல சுப்பெரியோரே ஒன்றை நான்கைந்து பாட்டில் வாங்கி, வருடத்துக்கு ஒன்றாகத் திறங்கள். மூன்றாம் வருடம் பழம் பின்வாங்கும், கெமோமில் மாதிரி உலர்ந்த பூ வாசனை வரும். ஐந்தாம் வருடத்துக்கு மேல் தேன், ஹேஸல்நட், சில பாட்டில்களில் குங்குமப்பூ, உரசிய கல்லின் வாசனை. நிறம் பச்சையிலிருந்து பொன்னாக மாறும். வேடிக்கை என்னவென்றால், தேன் மணம் வீசும் அந்த ஒயினை வாயில் ஊற்றினால் இனிப்பே இருக்காது, புளிப்பு முதல் நாள் மாதிரியே நிமிர்ந்து நிற்கும். எட்டு யூரோ பாட்டிலில் இதை முயல வேண்டாம், அதை வாங்கிய வருடமே குடித்துவிடுங்கள். நெடுநாள் வைக்க வாங்குவதாக இருந்தால் வருடத்தையும் பாருங்கள். 2013, 2016 போன்ற மிதமான வருடங்கள் மெதுவாக, அழகாக மூப்படைகின்றன. 2017 வறட்சியும் வெக்கையும் மிகுந்த வருடம், அந்த ஒயின்கள் கனமாக இருந்தாலும் சீக்கிரம் களைத்துவிட்டன. ஆனால் வெக்கை வருடத்தில் மாத்தெலிகாவும் அப்பிரோவும் தப்பித்துக்கொள்ளும், அதற்குத்தான் மலை.

சாப்பாட்டில் அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. கடற்கரையில் பல வகை மீனைச் சேர்த்துச் சமைக்கும் அங்கோனா ப்ரொதெத்தோ, கொனெரோ மலையடிக் கடலில் பாறையிலிருந்து பறிக்கும் காட்டு மட்டிகள், உருளைக்கிழங்கோடு நெடுநேரம் வேகும் ஸ்தொக்காஃபிஸ்ஸோ கருவாடு. மட்டிக்கு இளம் யேசி போதும். கருவாட்டுக்கு ரிஸெர்வா வேண்டும், அதில் ஊறிய ஆலிவ் எண்ணெயை இளம் ஒயின் தாங்காது. உள்நாட்டில் காட்டுச் சோம்பை அடைத்துச் சுடும் முயல் ஒன்று உண்டு. அதை மாத்தெலிகாவோடு சாப்பிட்டால், ஒயினில் இருக்கும் சோம்பு எங்கே முடிகிறது, முயலில் இருப்பது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மீனுக்கு மட்டும்தான் இந்த ஒயின் என்ற பாட்டில் காலத்து நினைப்பை விடுவதற்கு அந்த ஒரு தட்டு போதும். வின்சிகிராஸ்ஸி என்ற இறைச்சி லசான்யாவோடுகூட ஊர்க்காரர்கள் ரிஸெர்வாவைத் திறப்பதுண்டு. அதில் எனக்குச் சந்தேகம், சிவப்பையே எடுப்பேன்.

கடைசியாக, குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதீர்கள். நாலைந்து டிகிரியில் எந்த வெள்ளை ஒயினும் வெறும் குளிர்ந்த புளிப்புத்தான். இளம் ஒயினை 8 முதல் 10 டிகிரியிலும், ரிஸெர்வாவை 12 டிகிரி பக்கத்திலும் குடியுங்கள். எடுத்து இருபது நிமிடம் மேசையில் வைத்தால் ஏறக்குறைய அங்கே வந்துவிடும். ரிஸெர்வாவுக்கு ஒடுங்கிய கிளாஸ் வேண்டாம், சற்று அகலமானதை எடுங்கள். மிச்சம் இருந்தால் கார்க்கைச் செருகித் திரும்பவும் குளிரில் வையுங்கள். நல்ல மாத்தெலிகா மறுநாள் இன்னும் நன்றாகவே இருக்கும், ஆகவே பாதியை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பதிலும் தவறில்லை.